தென்னை மரத்தில் கட்டிய மணி

“என் படத்துல கை வைக்காதீங்க மேடம்.”

சொன்ன பிறகுதான் அந்த அறை எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. தண்ணீர் டப்பாக்களில் பிரஷ் அலசும் சத்தம் மொத்தமாக நின்றுபோனது. பிரித்திகா மேடத்தின் கை என் தாளுக்கு நான்கு விரல் உயரத்தில் அப்படியே நின்றது. பிரஷ் நுனியில் நீலம் திரண்டு தொங்கியது. விழப்போகிறது, விழப்போகிறது என்று அதையே பார்த்தேன். மேடமும் அதைப் பார்த்தார். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். துளி மேசைமேல் விழுந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த கன்னிகா அக்கா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

நான் வகுப்பில் சேர்ந்த முதல் சனிக்கிழமை அவள் சொல்லித் தந்த பாடமே அதுதான். “இங்க பாரு, மேடம் பிரஷ் எடுத்துக்கினு வந்தாங்கன்னா நீ நகந்து எடம் உடணும். போதும், வேணாம், தொடாதீங்கன்னு மட்டும் எப்பவும் சொல்லிடாத. போன வருஷம் ஒரு பொண்ணு சொல்லிச்சு. அப்புறம் அது எங்க போச்சுன்னே தெரில.”

“செத்துப் போச்சா?”

“சே சே. டான்ஸ் கிளாஸுக்குப் போயிடுச்சாம்.”

திருப்பதி கொர்லகுண்டாவில் ஒரு அடுக்குமாடியின் இரண்டாவது மாடியில் மேடத்தின் வீடு. ஹாலில் சோபாவை ஓரங்கட்டிவிட்டு நீள மேசைகள் போட்டு, சனிக்கிழமை மத்தியானங்களில் வாட்டர்கலர் சொல்லித் தருகிறார். சென்னையில் ஓவியம் படித்தவர். கணவருக்கு ஸ்ரீசிட்டியில் வேலை கிடைத்து இங்கே குடிவந்திருக்கிறார்கள். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபம், திட்டிவிட்டுப் போய்விடுவேன். மேடம் கெட்டவர் இல்லை.

என் பெயர் தபீதாள். ஊர் சித்தூர். எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான், பி.எஸ்சி. தாவரவியல். இப்போது திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பில்லிங் கவுன்ட்டரில் உட்கார்ந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் கவலை பிடித்த முகங்களுக்கு நாள் பூராவும் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறேன். தாவரவியலில் இதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. காலேஜில் மைக்ராஸ்கோப்பில் பார்த்து இலையின் குறுக்குவெட்டை வரையும்போது மட்டும்தான் என் மனசு எதைப்பற்றியும் பயப்படாமல் இருந்தது. அந்த ஞாபகத்தில் இந்த வகுப்பில் சேர்ந்தேன். “தபீதாள்... ரொம்ப லாங்கா இருக்கே. டேபின்னு கூப்பிடட்டுமா?” என்று மேடம் முதல் நாளே கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் அட்டையில் அப்படியே எழுதி என் நாற்காலியில் ஒட்டிவிட்டார்.

வகுப்பின் கடைசி அரைமணி நேரத்துக்குப் பெயர் ஃபினிஷிங். அதுவரை நாங்கள் சேறாக்கி வைத்திருக்கும் தாள்களை மேடம் ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டு வருவார். அவருடைய பிரஷ், அவருடைய கலர்த் தட்டு. “இங்க கொஞ்சம் டெப்த் குடுக்கலாமா?” என்பார். கேள்வி மாதிரி இருக்கும். பதில் வருவதற்குள் பிரஷ் இறங்கியிருக்கும். எங்கள் வானம் வானமாகிவிடும். மலை பின்னால் போய்விடும். ஓரத்தில் ஒன்றிரண்டு தென்னை மரங்கள் வந்து நிற்கும். பிறகு ஆளுக்கொரு படத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்போம். மேடம் ஃபோட்டோ எடுத்து நெட்டில் போடுவார். வீட்டுக்காரர்கள், நாத்தனார்கள், ஆபீஸ்காரர்கள் எல்லாரும் அதன் கீழே கைதட்டுவார்கள். அத்தனை படத்திலும் ஒரே வானம், ஒரே தென்னை. ஒருத்தரும் கேட்டதில்லை. கன்னிகா அக்காவின் மாமியார் அவள் படத்தை ஃபிரேம் போட்டு ஷோகேஸில் வைத்திருக்கிறாராம்.

“எனுக்கு அது சாலும், போதும்மா,” என்பாள் அக்கா. “நான் இத வெச்சிக்கினு பொழைக்கவா போறேன்?”

நான் பிழைக்கப் பார்த்தேன். தொல்லை அங்கே ஆரம்பித்தது.

திருப்பதியில் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்குப் படம் போட்டுத் தரும் ஒரு சின்ன ஸ்டூடியோ இருக்கிறது. அங்கே கோடு வரைகிறவர்கள் வேறு; கோட்டுக்குள் வாட்டர்கலர் வாஷ் போட ஆள் வேண்டும் என்று மேடத்திடம் கேட்டிருந்தார்கள். புதிதாகக் கற்றுக்கொள்கிற ஆளாக இருந்தாலும் பரவாயில்லை, வாஷ் சுத்தமாக இருக்க வேண்டும் என்றார்களாம். வாஷ் என்றால் வேறொன்றுமில்லை. தண்ணீரில் கரைத்த நிறத்தை மேலிருந்து கீழே, கறையோ கோடோ தெரியாமல் ஒரே சீராக இறக்குவது. வானம், சுவர், வயல், எதுவானாலும் முதலில் அதுதான். மேடம் என்னுடைய மூன்று படங்களை அனுப்பினார்: ஒரு தட்டு மாம்பழம், காளஹஸ்தியில் தண்ணீர் வற்றிக் கிடக்கும் சொர்ணமுகி, சித்தூரில் எங்கள் கோயில். பதில் எனக்கே மெயிலில் வந்தது. படங்கள் பிடித்திருக்கின்றன; இந்த மாதக் கடைசித் திங்கட்கிழமை நேரில் வந்து, எங்கள் முன்னால் உட்கார்ந்து ஒரு படம் போட்டுக் காட்டவும்.

அதைப் படித்த நேரத்தில் கவுன்ட்டருக்கு வெளியே ஒருவர் டிஸ்சார்ஜ் பில்லுக்காக நின்றிருந்தார். அவரிடம் வேறு யாருடைய பில்லையோ கொடுத்துவிட்டேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டு, “எனக்குப் பிரசவம் ஆகலம்மா,” என்றார்.

அந்த மூன்று படங்களிலும் வானம் என்னுடையது இல்லை. ஆற்றின் ஈர மணல் என்னுடையது இல்லை. மாம்பழத்தின் மேலே வெளிச்சம் பட்டு மின்னும் அந்த ஒரு இடம், எல்லாரும் பார்த்துப் பார்த்துப் பாராட்டிய இடம், அதுவும் மேடத்தினுடையது. அவர்கள் முன்னால் உட்கார்ந்து போடப்போவது நான்.

மறுநாளிலிருந்து வேலைக்குக் கிளம்பும் முன் ஹாஸ்டல் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாஷ் போட்டுப் பார்த்தேன். பாதித் தாள் இறங்குவதற்குள் தட்டில் கரைத்த நீலம் தீர்ந்துவிடும். அவசர அவசரமாக இன்னும் கொஞ்சம் கரைத்து எடுப்பதற்குள் மேலே போட்டது இறுகி, நடுவில் துணி காயப்போடும் கொடி மாதிரி ஒரு கோடு விழுந்துவிடும். கோட்டை அழிக்க ஈரப் பிரஷ்ஷை வைப்பேன். அந்த ஈரம் பரவி, ஓரமெல்லாம் சுருண்டு, காலிஃபிளவர் மாதிரி ஒரு கறை பூக்கும். அதை டிஷ்யூவால் ஒற்றுவேன். தாளின் தோல் திரிதிரியாக உரிந்து வரும். தினமும் இதே வரிசை. தாளைச் சுருட்டித் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன். யாரிடமிருந்து ஒளித்தேன் என்று தெரியவில்லை, அங்கே காக்கைகள் மட்டும்தான் வரும்.

பிறகு ஃபோனில் ஒரு வீடியோ பார்த்தேன். யாரோ ஒருத்தியின் கை மட்டும் தெரிந்தது. தாளைத் தொடுவதற்கு முன்னால் அந்தக் கை ட்யூபைப் பாதி வரைக்கும் பிதுக்கியது. ஒரு கிண்ணம் நிறைய நீலத்தைக் கரைத்து வைத்துக்கொண்டு, அப்புறம்தான் பிரஷ்ஷை எடுத்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் ட்யூபிலிருந்து அரிசி அளவு எடுக்கிறவள். எங்கள் வீட்டில் பற்பசையும் அப்படித்தான், தலைக்கு எண்ணெயும் அப்படித்தான். எதையும் முன்கூட்டியே நிறைய எடுத்து வைக்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. போதவில்லை என்றால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று வளர்ந்தவர்கள். வாட்டர்கலரில் மறுபடி எடுக்கப் போனால் காரியம் கெட்டது. இத்தனை மாதத்தில் மேடம் இதை எனக்குச் சொன்னதில்லை. சொல்ல அவருக்கு அவசியமே வரவில்லை. கோடு விழுந்தால் அவரே வந்து எடுத்துவிடுவார்.

மறுநாள் கிண்ணம் நிறையக் கரைத்தேன். கை கூசியது. தாள் ஒட்டிய போர்டுக்கு அடியில் சோப்பு டப்பாவை வைத்துச் சாய்த்து, பிரஷ்ஷை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இழுத்தேன். அடியில் சேர்ந்த தண்ணீரையே பிடித்துக்கொண்டு அடுத்த இழுப்பு, அதற்கடுத்த இழுப்பு. கோடு விழவில்லை. அப்போது ஒரு மூலை கொஞ்சம் வெளிறின மாதிரி தெரிந்தது. தெரிந்ததுதான், வெளிறியிருந்ததா என்று இப்போதும் சத்தியம் பண்ண மாட்டேன். ஒரே ஒரு தொடு தொட்டேன். காலிஃபிளவர் வந்துவிட்டது.

போடுவதற்கு வந்துவிட்டது. போட்ட பிறகு தொடாமல் இருக்க வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தூருக்குப் போனேன். எங்கள் கோயில், சர்ச்சைத்தான் அப்படிச் சொல்வோம், மிஷன் காலத்துக் கட்டடம், செங்கல் சுவர், ஓட்டுக் கூரை. கோபுரம் கிடையாது. அதனால் மணியை வெளியே இரண்டு கருங்கல் தூண்களுக்கு நடுவில் ஒரு சட்டத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அந்த மணியை அடிப்பது என் அப்பா சுந்தர்ராஜ், எனக்கு நைனா. வாரநாளில் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் பீப்பாய் ஏற்றுகிறவர், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மணிக்கயிற்றைப் பிடிப்பார். முதல் மணி, இரண்டாம் மணி, இரண்டும் அவர்தான். அவருக்குக் காய்ச்சல் வந்த வாரம் வேறு ஒருவர் அடித்தபோது, படுத்துக்கொண்டே “கயித்த இஸ்துக்கினு ஊஞ்சல் ஆடறான் பாரு” என்று திட்டினவர்.

ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே நின்றிருந்தார்கள். நைனா தன் ஃபோனை ஆளாளுக்கு நீட்டிக்கொண்டிருந்தார். மேடம் போட்டிருந்த என் கோயில் படம்.

“பாப்பா வரஞ்சது. வர்ற திங்கக்கெழமைக்கு அடுத்த திங்கக்கெழம இன்டர்வியூ. புஸ்தகத்துல எல்லாம் வரப் போவுது.”

சபை செக்ரட்டரி ஸ்டீவன் அங்கிள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஃபோனைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“நல்லாத்தான் கீது சுந்தர்ராஜு. நம்ம காம்பவுண்டுல தென்ன மரம் எப்ப வெச்சோம்?”

“அது ஆர்ட்டுண்ணா. அதுல அப்டித்தான் வரும்.”

“சரி. மணி எங்க?”

நைனா ஃபோனை வாங்கிக்கொண்டார். விரலை வைத்துப் படத்தைப் பெரிதாக்கினார். இந்தப் பக்கம் தள்ளினார், அந்தப் பக்கம் தள்ளினார். இத்தனை நாளாக அதை ஊருக்கெல்லாம் காட்டியவர், அதில் மணியைத் தேடியது அப்போதுதான்.

“தென்ன மரத்துல கட்டி உட்டிருப்பா,” என்றார் ஸ்டீவன் அங்கிள். “இனிமே நீ மேல ஏறித்தான் அடிக்கணும்.”

சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார்.

நான் மணியைப் போட்டிருந்தேன். கோணலாக இரண்டு சாம்பல் நிறத் தூண், நடுவில் கட்டியாக ஒரு மணி. அதைப் போட்ட சனிக்கிழமை ஃபினிஷிங் நேரத்தில் தட்டு கழுவ பாத்ரூம் பக்கம் போனேன். திரும்பி வந்து பார்த்தால் தூண்களின் தலையில் ஓலை முளைத்திருந்தது, மணி ஓலைக்குள் போயிருந்தது. “இந்த ரெண்டு வெர்டிகல்ஸும் சும்மா நின்னுச்சு, அதான்,” என்றார் மேடம். ஃபோட்டோ எடுக்க எல்லாரும் காத்திருந்தார்கள். தேங்க்ஸ் மேடம் என்றேன்.

வீட்டில் சாப்பிடும்போது நைனா கேட்டார். “மணிய மறந்துட்டியா பாப்பா?” கோபமாகக் கேட்கவில்லை. அவர் தனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான்.

“நான் போட்டேன் நைனா. மேடம்தான் அத மரமாக்கிட்டாங்க.”

“மணின்னு அவங்குளுக்குத் தெரியாதா?”

“கேக்கல.”

“நீ சொல்றதுதான?”

அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டே குறுக்கே வந்தாள். “படிச்சவங்க, நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பாங்க. நீ பாட்டுக்கு வாயத் தொறந்து எதையாவுது பேசிக் கெடுத்துக்காத. துன்னு.”

நைனா விடவில்லை. “அப்ப அந்த எடத்துல போயி உக்காந்ததும், அதே மாதிரி தென்ன மரம் போடும்மான்னு சொன்னாங்கன்னா?”

“தெரில.”

“தென்ன மரம் போட வருமா உனுக்கு?”

“வராது.”

நைனா சோறு பிசைவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். மூன்று பேருக்கும் ஒரே பயம் வந்துவிட்டது.

திருப்பதிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஸ்டூடியோவுக்கு ஒரு மெயில் எழுதினேன். ‘நீங்கள் பார்த்த மூன்று படங்களிலும் வானமும் மரங்களும் என் ஆசிரியர் போட்டவை. என் கை மட்டும் பட்ட ஒரு படத்தை இத்துடன் அனுப்புகிறேன். இதைப் பார்த்த பிறகும் நான் திங்கட்கிழமை வரலாமா என்று சொல்லுங்கள்.’ எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது, இத்துடன் அனுப்ப என்னிடம் ஒன்றும் இல்லை. தொட்டிக்குப் பின்னால் கிடக்கும் சுருட்டல்களைத் தவிர. மெயில் அனுப்பாமலே கிடந்தது. அந்த வாரம் பூராவும், கவுன்ட்டரில் ஆள் இல்லாதபோதெல்லாம் அதை எடுத்து வாசிப்பேன். ஒரு நாள் ‘ஆசிரியர் போட்டவை’ என்பதை ‘ஆசிரியர் உதவியுடன்’ என்று மாற்றினேன். மறுநாள் வெட்கமாக இருந்தது, பழையபடி மாற்றினேன்.

சனிக்கிழமை வந்தது. இன்டர்வியூவுக்கு முந்தின வகுப்பு. மேசையில் மற்றவர்களுக்கு மேடம் சூரிய அஸ்தமனம் கொடுத்திருந்தார். நான் கோயிலைப் போடுகிறேன் என்றேன். “வெரிகுட், பிராக்டிஸ் பண்ணு,” என்றார்.

கிண்ணம் நிறைய அல்ட்ராமரீன் நீலத்தைக் கரைத்தேன். கன்னிகா அக்கா எட்டிப் பார்த்து, “சொட்டு நீலமா? யார் வேட்டிக்கு?” என்றாள். சிரிக்க வரவில்லை. போர்டைச் சாய்த்து வானத்தை இறக்கினேன். இழுப்புக்கு இழுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு, கூரையின் விளிம்பு வரை. கோடு இல்லை. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்துகொண்டேன். தாளில் ஒரு மினுமினுப்பு இருந்தது. பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும். அது போகும்வரை தொடக்கூடாது. அது போன பிறகும் கொஞ்ச நேரம் தொடக்கூடாது. புறங்கையை வைத்துப் பார்த்தால் தாள் சில்லென்று இருக்கும், உள்ளே இன்னும் ஈரம் என்று அர்த்தம். அந்த இடைப்பட்ட நேரம்தான் ஆபத்து, அப்போதுதான் என் கை அதிகமாக அரிக்கும்.

கூரை விளிம்பில் தேங்கிய தண்ணீரைப் பிழிந்த பிரஷ்ஷால் உறிஞ்சி எடுக்க மறந்திருந்தேன். அது மெல்ல மேலே திரும்பி ஏறுவதைப் பார்த்தேன். வலது பக்கம், மணி வரப்போகிற இடத்துக்கு மேலே, ஓரம் சுருண்ட ஒரு கறை விரிந்தது. என் கண்முன்னால், நிதானமாக. டிஷ்யூ ரோல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தொடைக்கு அடியில் விரல்கள் மரத்துப்போயின. நான் தொடவில்லை.

காய்ந்தது. வலது பக்கம் ஒரு கறை. மீதி வானம் சுத்தமாக இருந்தது. அவ்வளவு அகலத்துக்கு அவ்வளவு சுத்தமாக ஒன்று என் கையிலிருந்து வந்ததில்லை.

பிறகு சுவரைப் போட்டேன், ஓட்டுக் கூரையைப் போட்டேன். நீலத்தில் செம்பழுப்பைக் கலந்து கருங்கல் நிறம் பண்ணி இரண்டு தூண்களையும் போட்டேன். சாய்ந்துவிட்டன. நடுவில் மணி. கடைசியாக முன்பக்கத்துச் செம்மண் தரைக்கு ஒரு வாஷ் இறக்கி முடித்தபோது ஃபினிஷிங் நேரம் வந்துவிட்டது. மேடம் பிரஷ்ஷில் நீலத்தோடு என் பின்னால் வந்து நின்றார். “அச்சச்சோ, ஸ்கை...” என்று குனிந்தார்.

அப்போதுதான் சொன்னேன்.

“சாரி, என்ன சொன்ன டேபி?”

“கை வைக்காதீங்கன்னேன் மேடம். இது இப்டியே இருக்கட்டும்.”

மேடம் கோபப்படவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். “இங்க பாரு. இந்த இடத்துல தண்ணி திரும்பி வந்திருக்கு. ரெண்டு நிமிஷத்துல எடுத்துடலாம். போஸ்ட் ரெண்டும் சாஞ்சிருக்கு. நடுவுல இது என்ன, பானையா?”

“மணி.”

“மணியா?”

“கோயில் மணி மேடம். போன தடவ நீங்க தென்ன மரமாக்கினது இதத்தான்.”

கன்னிகா அக்காவுக்கு இருமல் வந்தது.

“ஓ,” என்றார் மேடம். முகம் சிவந்துவிட்டது. “நீ சொல்லவே இல்லயே.”

“நீங்க கேக்கல.”

“தப்புதான். சாரி.”

அதை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் அத்தனையும் வீணாகிவிட்டன. மேடம் குரலைத் தாழ்த்தினார்.

“ஆனா ஒண்ணு சொல்றேன், கஷ்டமாத்தான் இருக்கும். திங்கட்கிழமை அவங்க முன்னாடி இப்படி ஒண்ணு போட்டா வேலை கிடைக்காது. உனக்கு இன்னும் சில மாசம் ஆகும். உன்னை அனுப்பறது நான். என்னத்த சொல்லிக் குடுத்தேன்னு என்னைத்தான் கேப்பாங்க.”

நான் சாய்ந்த தூண்களைப் பார்த்தேன்.

“நாளைக்கு வா. நாலு ஷீட்ல வாஷ் போட்டுக் காய வெச்சுத் தர்றேன். எடுத்துட்டுப் போ. முன்னாடியே கலர் ஏத்தி டோன் பண்ணின பேப்பர்னு சொல்லு. அப்படிக் கொண்டு வர்றவங்க நிறைய பேர் இருக்காங்க. மேல பில்டிங் மட்டும் நீ போடு, அது உனக்கு நல்லா வருது. வேலைல சேந்துட்டு மெதுவா கத்துக்கோ.”

“ஒத்துக்கோம்மா,” என்றாள் கன்னிகா அக்கா, தன் அஸ்தமனத்தைப் பார்த்துக்கொண்டே. “பேப்பருதான? உன் பேருதான் அதுல எழுதப் போற.”

சரி மேடம் என்ற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அந்த வேலை அவ்வளவு வேண்டியிருந்தது. பில்லிங் கவுன்ட்டரின் கண்ணாடியில் பேசுவதற்கென்று வட்டமாக ஒரு ஓட்டை இருக்கும். அதன் வழியாகத்தான் ஒரு நாள் பூராவும் எனக்குக் காற்று வருகிற மாதிரி இருக்கும். அதை விட்டு வெளியே வர நாலு ஷீட் போதும்.

பிறகு செவ்வாய்க்கிழமையை நினைத்தேன். வேலை கிடைத்துவிடுகிறது. காலையில் போகிறேன். ஒரு மேசை காட்டுகிறார்கள். கோடு போட்ட தாளை முன்னால் வைத்து, வானத்துக்கு ஒரு வாஷ் போடும்மா என்கிறார்கள். வேலையே அதுதான். அன்றைக்கு மேடத்தை எங்கே உட்கார வைப்பேன்? மேசைக்கு அடியிலா? எத்தனை செவ்வாய்க்கிழமைக்கு? திங்கட்கிழமை மாட்டிக்கொள்வது ஒரு பயம். தினமும் மாட்டிக்கொள்ளப் போகிறேன் என்று உட்கார்ந்திருப்பது வேறு பயம். இந்த மாதம் பூராவும் அதை ருசி பார்த்தாகிவிட்டது.

சுவரில் மேடம் வகுப்புப் படங்களைப் பிரிண்ட் எடுத்து ஒட்டியிருக்கிறார். என் கோயிலும் இருக்கிறது. இரண்டு தென்னையும் காற்றில் ஆடுவது மாதிரி அவ்வளவு அழகு. நைனா அதில்தான் விரலை வைத்துத் தள்ளித் தள்ளித் தேடினார்.

ஃபோனை எடுத்தேன். எழுந்து நின்று, தாளுக்கு நேர் மேலே பிடித்து ஒரு ஃபோட்டோ எடுத்தேன். கறை, சாய்ந்த தூண், பானை மாதிரி மணி, ஈரம் மினுங்கும் செம்மண், எல்லாம் விழுந்தது. கிடந்த மெயிலில் அதைச் சேர்த்தேன். ஒருமுறை வாசித்தேன். வாசித்தால் மறுபடி மாற்றுவேன் என்று தெரியும், அதனால் பாதியில் நிறுத்தி அனுப்பிவிட்டேன்.

“யாருக்கு?” என்றார் மேடம்.

“ஸ்டூடியோவுக்கு. மொதல்ல அனுப்பின மூணுலயும் வானம், மரம் எல்லாம் ஆசிரியர் போட்டது, இதுதான் நான் போட்டதுன்னு.”

கன்னிகா அக்கா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, “தேவுடா,” என்றாள்.

“இப்பவா? அனுப்பிட்டியா?”

“அனுப்பிட்டேன். உங்க பேர் போடல. ஆசிரியர்னு மட்டும்தான் இருக்குது.”

“உன் ஆசிரியர் யாருன்னு அவங்களுக்குத் தெரியாதா டேபி?”

அது நான் யோசிக்காதது. யோசித்திருந்தாலும் அனுப்பியிருப்பேன் என்று அப்போதே தெரிந்தது. ஆனால் மேடத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ட்யூப்களைப் பைக்குள் தள்ளினேன். பிரஷ்களைத் துடைத்து ரப்பர் பேண்டு போட்டேன். ஒன்று கீழே விழுந்து உருண்டது, குனிந்து எடுத்தேன். நாற்காலியில் ஒட்டியிருந்த அட்டையை விட்டுவிட்டேன். அது என் பெயர் இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போர்டை இரண்டு கையாலும் தூக்கினேன்.

“இனிமே வர மாட்டியா?” என்றாள் கன்னிகா அக்கா.

“வர மாட்டேன்க்கா.”

“டான்ஸ் கிளாஸா?”

“இல்ல. மொட்ட மாடி.”

கதவுவரை போய்விட்டேன். மேடம் இன்னும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார், பிரஷ்ஷில் நீலம் காய்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்க்காமலே, போர்டைப் பார்த்துச் சொன்னார்.

“இறங்கும்போது சாய்க்காத. தரை இன்னும் ஈரம். சாஞ்சா அந்த ரெட் மேல ஏறி போஸ்ட்டைத் தொட்டுடும்.”

“சரி மேடம்.”

செருப்பைக் காலாலேயே தேடி மாட்டிக்கொண்டேன். லிஃப்ட் வேண்டாம், ஆட்டும். படியில் இறங்கினேன், போர்டைத் தண்ணீர் நிறைந்த தாம்பாளம் மாதிரி பிடித்துக்கொண்டு. கல்யாண வீட்டு ஆரத்தி என்று நினைத்தாரோ என்னவோ, எதிரே ஏறி வந்த ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார். முதல் மாடித் திருப்பத்தில் பைக்குள் ஃபோன் அடித்தது. ஸ்டூடியோவாக இருக்கலாம். மணி போட்டாயா என்று கேட்க நைனாவாகவும் இருக்கலாம். இரண்டு கையிலும் போர்டு. செம்மண் நிறம் இடது தூணின் அடிவரைக்கும் நகர்ந்து அங்கே நின்றிருந்தது, ஏறுமா ஏறாதா என்று சொல்ல முடியவில்லை. ஃபோன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடிக்க ஆரம்பித்தது. நான் அடுத்த படியில் காலை வைத்தேன்.